‘விடுப்பு வழங்கப்பட்டது’: தீர்ப்பைத் தமிழில் படிக்கப் போன ஒரு பத்திர எழுத்தரின் மதிப்புரை

2025 ஏப்ரல் கடைசியில் ஒரு செயலிக்கு 1,200 ரூபாய் கட்டி ஒரு வருடச் சந்தா போட்டேன். உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் வரும் தீர்ப்புகளைக் கணினியே தமிழாக்கிச் சுருக்கமும் போட்டுத் தரும் என்று விளம்பரம். செயலியின் பெயர் வேண்டாம். சின்னக் கம்பெனி, பிழைத்துப் போகட்டும். திறந்ததும் கையில் கிடைத்தது ஒரு நில வழக்கு. முதல் வரி: ‘விடுப்பு வழங்கப்பட்டது.’

யாருக்கு விடுப்பு? நீதிபதிக்கா, வக்கீலுக்கா? கடையில் டைப் அடிக்கும் பெண் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கும் ரெண்டு நாள் வாங்கிக் குடுங்கக்கா” என்றாள்.

விஷயம் இதுதான். உச்ச நீதிமன்றத்தின் ஏராளமான சிவில் தீர்ப்புகள் ‘லீவ் கிராண்டட்’ என்றுதான் தொடங்கும். அரசியலமைப்புச் சட்டத்தின் 136ஆவது பிரிவின்படி சிறப்பு அனுமதி கேட்டு வந்த மனுவை ஏற்று, அதை மேல்முறையீடாக எடுத்துக்கொண்டோம் என்பது அதன் பொருள். கோர்ட் வராண்டாவில் நிற்கும் குமாஸ்தாவுக்குக்கூடத் தெரியும். செயலிக்குத் தெரியவில்லை.

தீர்ப்பைத் தமிழில் படிக்க இன்றைக்கு என்ன வழி இருக்கிறது, எதற்குக் காசு கொடுக்கலாம், எது சும்மாவே நன்றாக இருக்கிறது என்று இந்த ஒரு வருடத்தில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. டெல்டாவில் ஒரு சின்ன ஊரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் 26 வருடமாகக் கடை போட்டிருக்கும் உரிமம் பெற்ற ஆவண எழுத்தர். அப்பாவும் இதே தொழில்தான். அவர் ஸ்டாம்ப் பேப்பரில் கையால், ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று ஒரே மூச்சில் எழுதுவார். எனக்குக் கணினி வந்துவிட்டது, ஆனால் அந்த வரி மாறவில்லை. ஆங்கிலம் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது, அப்புறம் தொழிலில் பழகியது.

எங்களுக்குத் தீர்ப்பெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2025 ஏப்ரல் 7இல் மூலப்பத்திரம் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ காலையில் கடையைத் திறந்து கோலம்கூடப் போடவில்லை, அதற்குள் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார். மேலத்தெருக்காரர், அப்பா காலத்து வாடிக்கை. மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம் விற்க வேண்டும். மூலப்பத்திரம் காணாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. போலீஸில் ‘நான் டிரேசபிள்’, அதாவது தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றிதழ் வாங்க நடையாய் நடந்து, இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டு, செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அன்றைக்கு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பேரனின் போனை நீட்டினார்.

“பாரும்மா. மூலப்பத்திரமே வேண்டாம்னு டெல்லி கோர்ட்டுல சொல்லிட்டாங்களாம். இன்னைக்கே எழுதிடலாமா?”

போனில் ஒரு காணொளி. சிவப்பு எழுத்தில், ‘இனி மூலப்பத்திரம் தேவையில்லை! சுப்ரீம் கோர்ட் அதிரடி!’ பேசுகிறவர் எட்டு நிமிடத்தில் ஆறு நிமிடம் அதிரடி என்ற சொல்லையே சுற்றி வந்தார். எந்த வழக்கு, எந்த விதி, எந்தப் பத்தி, ஒன்றும் இல்லை. கீழே கருத்துப் பகுதியில் பாதிப் பேர் ‘அருமை சார்’, மீதிப் பேர் ‘அப்ப யார் நிலத்தை வேணும்னாலும் யாரு வேணும்னாலும் வித்துடலாமா சார்?’ இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதற்கு அவர் பதிலே போடவில்லை.

“ஐயா, ஒரு நாள் டைம் குடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்” என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டெல்லி கோர்ட் சொன்னதை இவள் என்ன படித்துச் சொல்வது என்று நினைத்திருப்பார்.

அன்றைக்குத்தான் உச்ச நீதிமன்றத்தின் இலவசத் தீர்ப்புத் தளத்துக்குள் முதல் தடவையாக நுழைந்தேன். இ-எஸ்சிஆர் என்று சொல்கிறார்கள். 2023 ஜனவரி 2ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் காலத்தில் தொடங்கியது. சுமார் 34,000 தீர்ப்புகளை ஒரு பைசா வாங்காமல் திறந்துவிட்டார்கள். அதுவரை அந்த அதிகாரபூர்வத் தொகுதிகள் வக்கீல் ஆபீஸ் அலமாரியில் தோல் அட்டை போட்டு நிற்கும், இல்லாவிட்டால் பெரிய சந்தா கட்டுகிறவர்களின் கணினியில் இருக்கும். அதே மாதம் குடியரசு தினத்தன்று 1,268 மொழிபெயர்ப்புகளை ஏற்றினார்கள். அதில் இந்தி மட்டும் 1,091. மீதி 12 மொழிகளில் தமிழ்தான் முதலில், 52. அடுத்தது மலையாளம் 29. 52 என்பது கொண்டாடுகிற எண்ணிக்கை இல்லைதான், ஆனாலும் அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அதற்கப்புறம் எண்ணிக்கை நன்றாகவே ஏறியிருக்கிறது.

தளத்தின் முகப்பு ஆங்கிலம். கேப்ட்சா என்று கோணல்மாணலாக எழுத்து காட்டும், அதைப் பார்த்து அடிக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்களுக்கு அது ஒரு சோதனை, என் வயதில் இரண்டாவது முயற்சியில்தான் வரும். போனில் பார்க்காதீர்கள், கணினியில் பாருங்கள். தேட எளிய வழி, வழக்கின் பொது எண். 2023 முதல் ஒவ்வொரு தீர்ப்புக்கும் வருடம், ஐஎன்எஸ்சி என்ற நான்கு எழுத்து, வரிசை எண் என்று கொடுக்கிறார்கள். எனக்கு வேண்டியது ‘2025 ஐஎன்எஸ்சி 462’. இந்த எண்ணை எந்தச் செய்தியிலும் கேட்டு வாங்கிவிடுங்கள். எண் சொல்லாமல் தீர்ப்பு பற்றிப் பேசுகிறவரை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை. சர்வே எண் இல்லாமல் நிலம் விற்க வந்தவர் மாதிரி.

தீர்ப்பு வந்த உடனே தமிழ் வந்துவிடாது. அதனால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே படித்தேன். நினைத்ததைவிடச் சின்னத் தீர்ப்பு. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான். தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 2022இல் சேர்த்த 55ஏ என்ற விதி பற்றியது. எழுதிக் கொடுப்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று காட்டும் முந்தைய அசல் பத்திரத்தையும், பதிவுக்குத் தாக்கல் செய்வதற்குப் பத்து நாளுக்குள் எடுத்த வில்லங்கச் சான்றையும் காட்டாவிட்டால் பதியக் கூடாது என்று அந்த விதியின் முதல் பகுதி சொன்னது. அசல் தொலைந்துபோயிருந்தால் போலீஸ் சான்றும் பத்திரிகை விளம்பரமும் வேண்டும். பெரியவரின் செருப்பைத் தேய்த்தது இந்த வரிதான்.

நீதிமன்றம் அந்தப் பகுதியை 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்துக்கு முரணானது, செல்லாது என்று சொல்லிவிட்டது. காரணம் எளிமையானது. சொத்து யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் சார்பதிவாளருக்குக் கொடுக்கவே இல்லை. நடைமுறைகள் சரியாக இருந்து, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டியிருந்தால், எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமையே இல்லாவிட்டாலும் பதிவு மறுக்க முடியாது. சட்டம் கொடுக்காத அதிகாரத்தை விதி போட்டுக் கொடுக்க முடியாது. அவ்வளவுதான்.

காணொளிக்காரர் விட்டது இதற்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. உரிமை இல்லாதவர் எழுதிக் கொடுத்த பத்திரம் பதிவாகிவிட்டாலும் வாங்கியவருக்கு உரிமை வந்துவிடாது. பதிவு என்பது பத்திரத்துக்கு, சொத்துரிமைக்கு அல்ல. அப்படியென்றால் இந்தத் தீர்ப்பால் சார்பதிவாளரின் பாரம் குறைந்தது, வாங்குகிறவரின் பாரம் கூடியது. முன்பு கவுண்டரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார், இந்தத் தீர்ப்பின்படி நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். 7 சதவீதம் தீர்வையும் 2 சதவீதம் கட்டணமும் கட்டிவிட்டு வெறும் தாளோடு வீட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் மூலப்பத்திரத்தை முன்பைவிட அதிகமாகக் கேட்க வேண்டும். காணொளித் தலைப்புக்கு நேர் எதிர்.

நீதிமன்றம் தொடாத இடங்களும் இருக்கின்றன. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22ஏ, 22பி பிரிவுகள் அப்படியே நின்றன. அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு சொத்து, போலி ஆவணம், கோர்ட் ஜப்தியில் இருக்கும் சொத்து இவற்றையெல்லாம் மறுப்பது அந்தப் பிரிவுகளின் கீழ். ஆகவே ‘இனி எதையும் மறுக்க முடியாது’ என்பதும் தப்பு.

மறுநாள் பெரியவர் வந்தார். படித்ததைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, “அப்ப கவர்மெண்டு கேக்காது, வாங்குறவன் கேப்பான். அதானே?” என்றார். எட்டு நிமிடக் காணொளிக்கும் என் அரை மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே வரி.

கதை அத்தோடு முடியவில்லை. அடுத்த சில வாரங்களிலேயே, விதியால் முடியாததைச் சட்டத்தாலேயே செய்யலாம் என்று பதிவுச் சட்டத்துக்கே திருத்த மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. மூலப்பத்திரத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டு வரும் மசோதா. அது மத்தியச் சட்டத்தில் கை வைப்பதால் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தேவைப்பட்டது. நான் செயலிக்குப் பணம் கட்டியது இந்தக் குழப்பத்தில்தான். தீர்ப்பு ஒரு பக்கம், மசோதா ஒரு பக்கம், வாடிக்கையாளர் கேள்வி ஒரு பக்கம். தமிழில் சுருக்கமாக வந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

இப்போது செயலி. நேர்மையாகச் சொல்கிறேன், பார்க்க அழகாக இருக்கும். தீர்ப்பு வந்த ஒரு மணி நேரத்தில் தமிழ்ச் சுருக்கம் வந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கலாம், படிக்க விட்டுக் காதால் கேட்கவும் செய்யலாம். ஆனால் என் தொழிலின் சொற்கள் ஒன்றுகூட அதற்குத் தெரியவில்லை. கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதை ‘விற்பனைப் பத்திரம் தூக்கிலிடப்பட்டது’ என்று போட்டிருந்தது. எழுதிக் கொடுப்பதற்கும் தூக்கிலிடுவதற்கும் ஆங்கிலத்தில் ‘எக்ஸிக்யூட்’ என்ற ஒரே வினைச்சொல். கிரயத் தொகையை, அதாவது நாங்கள் பத்திரத்தில் பிரதிப்பிரயோஜனம் என்று எழுதுவதை, ‘பரிசீலனை’ ஆக்கிவிட்டது. ‘ரூபாய் ஐந்து லட்சம் பரிசீலனைக்காகச் சொத்து மாற்றப்பட்டது’ என்று படித்தபோது எங்கள் ஊர்ச் சில ஆபீஸ்களின் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். செட்டில்மெண்ட் பத்திரம் ‘தீர்வுப் பத்திரம்’. விடுதலைப் பத்திரம் ‘வெளியீட்டுப் பத்திரம்’. அண்ணன் தங்கைக்குள் பாகத்தை விட்டுக்கொடுத்து எழுதுவதைச் சினிமா மாதிரி வெளியிட்டுவிட்டார்கள்.

இவையெல்லாம் சிரிப்போடு போய்விடும். சிரிப்பு வராத தப்பு ஒன்று உண்டு. தீர்ப்பின் கடைசியில் ‘மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது’ என்று வரும். மேல்முறையீடு செய்தவர் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம். தமிழில் அதைப் படிக்கிற சாதாரண ஆள், ‘சரி, அப்பீல் போட அனுமதி கொடுத்திருக்கிறார்கள், இனிமேல்தான் விசாரணை’ என்று எடுத்துக்கொள்வார். என் கடையிலேயே ஒருவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஜெயித்த கேஸைத் தோற்ற முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். ‘ஏற்கப்பட்டது’ என்று ஒரு சொல் மாற்றினால் தீர்ந்தது. இதைச் செயலியை மட்டும் குறை சொல்ல முடியாது, மனிதர்கள் செய்யும் மொழிபெயர்ப்பிலும் ‘அனுமதிக்கப்பட்டது’ புழங்கத்தான் செய்கிறது. சட்டத் தமிழில் ஊறியவர்களுக்கு அது புரியும், அவர்கள் எழுதுவது அவர்களுக்கு மட்டும் இல்லையே.

உச்ச நீதிமன்றத் தளத்தின் தமிழ் வேறு ரகம். அவர்களும் மென்பொருளைத்தான் முதலில் ஓட்டுகிறார்கள். சுவாஸ் என்று பெயர், 2019 நவம்பரில் வந்தது. அதற்கு மேல் ஆள் உட்கார்ந்து திருத்துகிறார்கள், படிக்கும்போதே அது தெரியும். எழுதிக் கொடுப்பவரை அவர்கள் தூக்கில் போடுவதில்லை. டிக்ரி என்பதற்குத் தீர்ப்பாணை, இன்ஜங்ஷனுக்கு உறுத்துக்கட்டளை என்று சட்டச் சொல்லகராதித் தமிழ் வரும். முதலில் கரடுமுரடாக இருக்கும். என் வாடிக்கையாளரிடம் உறுத்துக்கட்டளை என்றால் ஏதோ உறுத்துகிறது என்பார், ‘ஸ்டே வாங்கியிருக்கு’ என்றால்தான் தலையாட்டுவார். நாலைந்து தீர்ப்பு படித்தால் பழகிவிடுகிறது. பத்தி எண் போட்டிருப்பதால் ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எனக்கு மிகவும் உதவிய வசதி இதுதான்.

ஒரு சங்கதியை மறக்கக் கூடாது. மொழிபெயர்ப்போடு ஒரு குறிப்பு வருகிறது: வழக்காடி தன் மொழியில் புரிந்துகொள்வதற்காக மட்டுமே இது, வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆங்கில வடிவமே அதிகாரபூர்வமானது. எனக்கு அதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். 2006இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 348ஆவது பிரிவில் அதற்கு வழியும் இருக்கிறது, ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களுக்கு இந்தி அப்படித்தான் கிடைத்தது. நமக்கு இன்னும் கிடைக்கவில்லை. நம்மூர் முன்சீப் கோர்ட்டில் தமிழில் நடந்த வழக்கு, மேலே போய் ஆங்கிலமாகி, திரும்பத் தமிழில் வரும்போது ‘இது செல்லாது, புரிந்துகொள்ள மட்டும்’ என்று முத்திரையோடு வருகிறது. சரி, தளத்தின் மேல் போட வேண்டிய குறை இல்லை இது.

நவம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. 2025 நவம்பர் 7, நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜாய்மால்ய பக்சி. பீகார் பதிவு விதிகள் பற்றியது. விற்கிறவர் பெயரில் ஜமாபந்தி இருப்பதைக் காட்டினால்தான் பதிவு என்று அங்கே விதி வைத்திருந்தார்கள். நம்முடைய 55ஏ தீர்ப்பின் வழியிலேயே போய் அதையும் செல்லாது என்றார்கள். நமக்கு நேரடித் தொடர்பு இல்லாத வழக்குதான், ஆனால் ‘ஜமாபந்தி’ என்ற சொல்லுக்காக உட்கார்ந்து படித்தேன். நம்மூரில் ஜமாபந்தி என்றால் வருடத்துக்கு ஒரு முறை தாலுகா ஆபீஸில் பந்தல் போட்டு, கிராமக் கணக்கை எல்லாம் தணிக்கை பார்த்து, மனு வாங்கும் நாள். பீகாரில் அது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பதிவேடு, ஏறக்குறைய நம் பட்டா மாதிரி. செயலியின் சுருக்கத்தில் ஜமாபந்தி என்று அப்படியே விட்டிருந்தார்கள், விளக்கம் இல்லை. அதைப் படித்த என் சக எழுத்தர் ஒருவர், ‘விக்கிறதுக்கு ஜமாபந்தி வரைக்கும் காத்திருக்கணும்னு ரூல் போட்டிருக்கான் பாருங்க, நல்ல வேளை ஒழிச்சாங்க’ என்று மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தார். சொல் ஒன்றே, ஊர்தான் வேறு.

அந்தத் தீர்ப்பிலேயே பிளாக்செயின் முறையில், அதாவது பின்னால் யாரும் சுலபத்தில் திருத்த முடியாதபடி கணினிகளில் சங்கிலியாகச் சேமிக்கும் முறையில், நிலப் பதிவுகளை வைப்பது பற்றி ஆராயச் சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காணொளி உலகம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ‘பத்திரமே ஒழியப் போகிறது’ என்று ஒருவர். நான் அதைப் பார்த்துவிட்டு நல்ல காபி ஒன்று குடித்தேன். கம்ப்யூட்டர் வந்தபோதும் அப்பாவிடம் இதையேதான் சொன்னார்கள்.

காணொளி விளக்கங்களைப் பற்றிப் பொதுவாகவே ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் மோசம் இல்லை. வழக்கு எண்ணைத் திரையில் காட்டி, பத்தியைப் படித்துக் காட்டிப் பேசும் வக்கீல்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். பெரிய தொல்லை, பழையது அழியாமல் கிடப்பது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 8ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் 415 பக்கத் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றார்கள், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு போட்டார்கள். குடியரசுத் தலைவர் அது பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு 14 கேள்விகளை அனுப்பினார். நவம்பர் 20ஆம் தேதி தலைமை நீதிபதி கவாய் தலைமையில் ஐந்து நீதிபதிகள், காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, அதே சமயம் காரணமே இல்லாமல் காலவரையின்றி மசோதாவை வைத்துக்கொண்டு உட்காரவும் முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். டிசம்பரில் டீக்கடையில் ஒரு தம்பி ஏப்ரல் காணொளியைப் போட்டுக் காட்டி, ‘மூணு மாசம்தான் டைம்’ என்று அடித்துப் பேசுகிறான். அவன் மேல் என்ன தப்பு? காணொளியில் தேதியே இல்லை.

எனக்கு நெஞ்சில் நிற்பது இன்னொன்று. ஆடி மாதம் ஒரு நாள் அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினை எழுத வந்தார்கள். அப்பாவுக்குத் தாத்தா வழியில் வந்த நிலம். தங்கை ஒருத்தி உண்டு, பத்திரத்தில் பெயர் இல்லை. கேட்டேன்.

“அதுக்கு 88லயே கல்யாணம் ஆயிடுச்சு. 89க்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லீங்களே. யூட்யூப்ல வக்கீலே சொல்றாரே” என்றார் மூத்தவர்.

அவர் சொன்னது ஒரு காலத்தில் சரி. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தபோது, அதற்கு முன் மணமானவர்களை விலக்கியிருந்தது. 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மாறியபோது அந்த விலக்கு போய்விட்டது. அப்புறமும் அப்பா உயிரோடு இருந்தால்தானா, இல்லாவிட்டாலுமா என்று பதினைந்து வருடம் இழுபறி. 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையில் மூன்று பேர் முடித்து வைத்தார்கள்: பங்கு பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமே இல்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பதிவான, அல்லது கோர்ட் டிக்ரியால் நடந்த பாகப்பிரிவினையைக் கிளறக் கூடாது. வாயால் பிரித்துக்கொண்டோம் என்று சொன்னால் சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தளத்திலிருந்து எடுத்த தீர்ப்பின் அந்தப் பத்திகளை மஞ்சள் மார்க்கர் போட்டு ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். எடுத்து வைத்தேன். இளையவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மூத்தவர் எழுந்து வெளியே போய் பீடி பற்ற வைத்தார். பத்து நிமிடம் கழித்து வந்து, “ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க” என்றார். ஐப்பசியில் மூன்று பேராக வந்தார்கள். அந்த அம்மா விடுதலைப் பத்திரம்தான் எழுதிக் கொடுத்தார், ஆனால் எழுதிய தொகையைக் கையில் எண்ணி வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் முழுப் பத்திரத்தையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆக, மதிப்பெண் கேட்டால் உச்ச நீதிமன்றத் தளத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் கேப்ட்சாவுக்கும் ஆங்கில முகப்புக்கும் கழித்துக்கொண்டேன். எல்லாத் தீர்ப்பும் தமிழில் இல்லை, புதியது உடனே வராது, ஆனால் வந்தது நம்பிப் படிக்கும்படி இருக்கிறது. சொத்து, குடும்பம், வாடகை என்று அன்றாட விவகாரத்தில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அங்கே செலவழிக்கலாம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து வேண்டிய பத்தியை மட்டும் பிரிண்ட் எடுங்கள், முழுசாக எடுத்தால் ஜெராக்ஸ் கடைக்காரர்தான் பணக்காரர் ஆவார். முதலில் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள், அப்புறம் நடுவில் ‘எங்கள் கருத்து’ மாதிரி வரும் இடத்துக்குப் போங்கள். முதல் பத்துப் பக்கம் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதுதான். வக்கீலின் வாதத்தையே கோர்ட்டின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும் தப்பை நானே ஒரு தடவை செய்தேன். செயலிக்கு ஒன்றரை. அந்த அரை, எழுத்தைப் பெரிதாக்கும் வசதிக்காக.

போன மாதம் சந்தா முடியப் போகிறது என்று செய்தி வந்தது. புதுப்பிக்குமுன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: விடுப்பு, தூக்கு, பரிசீலனை, வெளியீடு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, எதிரே சரியான சொல்லும் எழுதி. இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.’

டைப் அடிக்கும் பெண் கேட்டாள், “எத்தனை லட்சம்னு கேளுங்கக்கா.”